எல்லாரும் ஆச்சா?

அன்று பகல் எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரு காக்கையைக்கூடக் காணவில்லை.

மற்ற நாட்களில் நீங்கள் வந்து பார்க்க வேண்டும். பின்சந்தில் குப்பைத் தொட்டி மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும், மாசாயில் உள்ள அத்தனை காக்கைகளும் எங்கள் வீட்டு மதிலில்தான் கூட்டம் போடும். காயப்போட்ட துணியைப் பாழாக்கும். வடகம் காயவைத்தால் என்னை முந்திக்கொள்ளும். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு எத்தனை முறை விரட்டியிருப்பேன்! தேவைப்பட்ட அந்த ஒரு நாளில் மட்டும் மதில் வெறிச்சோடிக் கிடந்தது.

மதிலின் மேல் ஒரு துண்டு வாழை இலை. அதில் சோறும், சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நான்கு வகைப் பதார்த்தமும். வெயிலில் இலையின் ஓரம் சுருளத் தொடங்கியிருந்தது.

"கா... கா... கா..." என்று பாப்பாத்தி அண்ணி கூவிக்கொண்டிருந்தார். அவர் என் கணவரின் அக்கா. பெக்கான் நானாஸ்காரர். அன்னாசித் தோட்டத்தில் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் இருப்பவரைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் என்னமோ ஏதோ என்று கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். இலையைக் கண்டதும் புரிந்துகொண்டு மெதுவாகச் சாத்திக்கொண்டாள்.

என் கணவருக்கு அன்று முதலாம் ஆண்டுத் திவசம்.

போன வாரம் இந்தப் பத்தியில் என் மாமியாரின் வாயைப் பற்றி எழுதியதில் உறவுக்காரர்கள் சிலருக்குக் கோபமாம். இருக்கட்டும். இந்த வாரம் அந்த மாமியார் பெற்ற பிள்ளையைப் பற்றி எழுதுகிறேன். அவர் மேல் கோபப்பட யாருக்கும் காரணம் கிடையாது, என்னைத் தவிர.

கடைசியாக இறங்குகிறவர்

அவர் பெயர் வேலு. தொழிற்சாலை பஸ் ஓட்டினார். மாசாய் அடுக்குமாடிகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் பாசிர் கூடாங்கில் இறக்குவது, வேலை முடிந்தவர்களைத் திரும்பக் கொண்டுவந்து விடுவது. நம்மவர்கள், மலாய்க்காரர்கள், நேப்பாளிகள், வங்காளதேசிகள் என்று எல்லாரும் அந்த பஸ்ஸில் ஏறுவார்கள்.

எல்லாரும் இறங்கியதும் மற்ற டிரைவர்கள் கதவைச் சாத்திவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விடுவார்கள். இவர் போகமாட்டார். "செமுவா சுடா துருன்?" என்று மலாயில் ஒரு சத்தம். எல்லாரும் இறங்கியாச்சா என்று கேட்கிறாராம். காலியான பஸ்ஸில் யார் பதில் சொல்வது? அப்புறம் எழுந்து, கடைசி இருக்கை வரைக்கும் நடந்து, ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்.

அதற்குக் காரணம் இருந்தது. ஒரு காலையில், இரவு வேலை முடிந்து வந்த நேப்பாளிப் பையன் ஒருவன் பின் இருக்கையில் சுருண்டு தூங்கிப்போய்விட்டான். பஸ்ஸைத் திடலில் நிறுத்தப் போனபோதுதான் இவர் கண்டுபிடித்தார். எழுப்பினாரா, அவன் தங்கியிருக்கிற இடத்தில் கொண்டுபோய் விட்டாரா? அதுதான் இல்லை. நேராக எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"லெச்சு, ரெண்டு தோசை ஊத்து. பிள்ளை பசியா இருக்கான்."

என் பெயர் லெட்சுமி. அவர் வாயில் அது லெச்சு. தோசை ஊற்றினேன். எனக்கு அவன் பாஷை தெரியாது, அவனுக்கு என் பாஷை தெரியாது. ஆனால் வேண்டும், போதும் என்பதற்குப் பாஷை எதற்கு? அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை இவர் எதிரில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கை கழுவின பிறகுதான் தன் தட்டை எடுத்தார். அதற்குள் சட்னி தீர்ந்துபோயிருந்தது. சீனியைத் தொட்டுச் சாப்பிட்டார்.

வீட்டிலும் இதே கதைதான். சமையல் முடிந்து தட்டு வைத்தால் எல்லாரும் உட்கார்வோம், இவர் மட்டும் வர மாட்டார். வாசலில் மகன் தினேஷின் மோட்டார் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விடுவார். குழாயை முறுக்குவார். நாங்கள் கை கழுவுகிற சத்தம் கேட்டதும் அங்கிருந்தே ஒரு குரல் வரும்.

"எல்லாரும் ஆச்சா?"

ஆச்சு என்று நான் சொன்னால்தான் வருவார். மிச்சம் இருப்பதைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் யாராவது நின்று பேசிக்கொண்டிருந்தால் இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிடுவார். பஸ்ஸிலிருந்து இந்தப் பழக்கம் வீட்டுக்கு வந்ததா, வீட்டிலிருந்து பஸ்ஸுக்குப் போனதா என்று எனக்குத் தெரியாது.

வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இது பெரிய குணம். "உன் வீட்டுக்காரர் தங்கம்" என்பார்கள். தங்கத்தோடு குடும்பம் நடத்திப் பார்த்தால் அல்லவா தெரியும்! சட்டியைக் கழுவி வைக்க முடியாது. அடுப்படியைத் துடைக்க முடியாது. "பசிச்சா சாப்பிட வேண்டியதுதானே, உங்களை யாரு காத்திருக்கச் சொன்னா?" என்று நான் கத்தாத நாள் குறைவு. பின்னாளில் இனிப்புநீர் நோய் வேறு வந்தது. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். இவர் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்து பழையபடி குழாயை முறுக்கப் போய்விட்டார்.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

ஜொகூரில் பிறந்த ஆண்பிள்ளைக்குச் சிங்கப்பூர் ஆசை இல்லாமல் இருக்காது. இவருக்கும் ஒருமுறை வாய்ப்பு வந்தது. அங்கே பஸ் ஓட்டும் வேலை. நல்ல சம்பளம். ஆனால் வாரம் முழுக்க அங்கேயே தங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வரலாம். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். எனக்குத் துணிமணி, வீட்டுக்கு ஒரு நல்ல அலமாரி என்று மனசு எங்கெங்கோ ஓடியது.

இவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "சோத்துக்குன்னு போயி சோத்தையே விடுறதா லெச்சு? அங்க நான் யாரோட உட்காந்து சாப்பிடுறது?"

அலமாரி வரவில்லை. இப்போது தினேஷ் தினமும் மோட்டாரில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறான். ஜாமில் நின்று நின்று வீட்டுக்கு வந்ததும் அவன் முதலில் கேட்பது, "மா, என்ன சமையல்?" அப்பன் பிள்ளை. ஒரே வித்தியாசம், இவன் முதல் ஆளாக உட்கார்வான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

இதை எப்படி எழுதுவது என்று இரண்டு வாரமாகத் தள்ளிப்போட்டேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பெருந்தொற்று முடிந்து எல்லை திறந்து, சாலைகளில் பழையபடி நெரிசல் வந்துவிட்ட சமயம். ஞாயிற்றுக்கிழமை பகல். நானும் தினேஷும் சாப்பிட்டாகிவிட்டது. மகள் கவிதா வரவில்லை. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அன்று ஓவர்டைம். வரும் வழியில் நெடுஞ்சாலையில் லாரி ஒன்று கவிழ்ந்து கிடந்ததால், கார் நகரவே இல்லையாம்.

இவர் கேட்டைத் திறந்துவைத்துவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டு உட்காருங்களேன்."

"பிள்ளை வந்துடட்டும் லெச்சு. ரெண்டு பேரும் சேர்ந்தே சாப்பிடுறோம்."

கவிதா வந்தபோது அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் போடாமல் உள்ளே வந்தாள். முகம் கழுவினாள். தட்டு இரண்டை எடுத்து வைத்தாள். பிறகு வாசலுக்குப் போய், "அப்பா, வாங்க, சாப்பிடலாம்" என்று தோளைத் தொட்டாள்.

மாரடைப்பு என்றார்கள். தூக்கத்திலேயே போயிருக்கிறார், சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் அவளை உட்கார வைத்துச் சொன்னார். அவள் காதில் விழவில்லை. தனக்காகக் காத்திருந்துதான் அப்பா பசியோடு போனார் என்று அவள் மனசில் பதிந்துவிட்டது. அழுதாலாவது பரவாயில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், பேசினாள், சிரிக்கக்கூடச் சிரித்தாள். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு அவள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டே இரண்டு வாய், இல்லையென்றால் எதையாவது கடையில் பொட்டலம் வாங்கிக் காரிலேயே. "உட்காருடி" என்றால், "ஆச்சுமா" என்பாள். ஒரு வருடத்தில் கழுத்தெலும்பு தெரியும்படி ஆகிவிட்டாள். பெற்றவளுக்கு அதைப் பார்க்க எப்படி இருந்திருக்கும்?

அவருக்கு என்ன பிடிக்கும்?

திவசத்துக்கு முதல் நாள் சாயங்காலமே அண்ணி பஸ் ஏறி வந்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் படையல் என்றால், போனவருக்குப் பிடித்ததைச் சமைத்து வைக்க வேண்டும். கறி, மீன் எல்லாம் உண்டு. காக்கைக்கு வைத்து, அது எடுத்த பிறகுதான் வீட்டில் உள்ளவர்கள் கை நனைப்போம்.

"என்ன சமைக்கப் போற?" என்றார் அண்ணி.

"அவருக்குப் பிடிச்ச நெத்திலி சம்பால்தான் அண்ணி முதல்ல."

"சம்பாலா? யாரு சொன்னா? அன்னாசிப் புளிக்குழம்புன்னா அவனுக்கு உசிரு. என் வீட்டுக்கு வந்தா திரும்பத் திரும்ப ஊத்திக்குவான்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். அண்ணி வீட்டிலிருந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் காரில் இவர் சொல்வது என் காதில் இருந்தது: "அன்னாசியைப் பார்த்தாலே நாக்கு எரியுது லெச்சு. சின்ன வயசுல தின்னு தின்னு வெறுத்துப்போச்சு." அதை அண்ணியிடம் எப்படிச் சொல்வது?

கூடத்திலிருந்து தினேஷ் எழுந்து வந்தான். "அலமாக்! ரெண்டு பேர் சொல்றதும் தப்பு. அப்பாவுக்கு மீ கோரேங்தான். பசார் மாலாம் ராத்திரிச் சந்தைக்குப் போனா எனக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு தாப்பாவ் கட்டிக்கிட்டு வருவாரு, தெரியுமா?"

"உனக்குத்தான்டா அந்த மீ கோரேங் நூடுல்ஸ் மேல பைத்தியம்" என்றேன்.

"அவரும் சாப்பிட்டாருலா!"

கவிதா தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "ஆட்டுக்கறிப் பிரட்டல். என்கூட உட்கார்ந்தா அதைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாரு."

சொல்லிவிட்டு உரிப்பதை நிறுத்தினாள். எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மா, நெத்திலி சம்பால் உங்களுக்குத்தானே பிடிக்கும்?"

"ஆமா. அதுக்கென்ன?"

"மீ கோரேங் தம்பிக்கு. பிரட்டல் எனக்கு. புளிக்குழம்பு அத்தைக்கு." கத்தியைக் கீழே வைத்தாள். "அப்பாவுக்கு என்னமா பிடிக்கும்?"

அண்ணி என்னைப் பார்த்தார், நான் தினேஷைப் பார்த்தேன்.

முப்பது வருடத்துக்கு மேல் அந்த மனுஷனுக்குச் சமைத்துப் போட்டவள் நான். உப்பு கூடினால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பேன் என்று பெருமை வேறு பேசியிருக்கிறேன். அவருக்கு எது பிடிக்கும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கூடத்துக்குப் போய், மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்று நன்றாக நாலு வார்த்தை கேட்டேன். "வாயைத் திறந்து ஒரு நாள் சொல்லியிருந்தா குறைஞ்சா போயிருப்பீங்க?" படத்தில் இருந்தவர் வழக்கம்போல் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நான்கையும் சமைத்தோம். அன்னாசிப் புளிக்குழம்பையும்தான். அண்ணியின் மனசை நோகவிட அவருக்கே மனசு வராது.

மதில்

அந்த இலைதான் மதிலில் காய்ந்துகொண்டிருந்தது.

அண்ணி கூவினார். தினேஷ் கூவினான். கவிதா செம்புத் தண்ணீரோடு பின்வாசலில் நின்றாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. மைனா ஒன்று வந்து மதிலில் உட்கார்ந்தது, அண்ணி அதை விரட்டிவிட்டார்.

"உங்க தாமானுல காக்காய்க்கு என்ன பஞ்சமா?" என்று சலித்துக்கொண்ட அண்ணி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார். "மனசுல குறையோட போனவங்களுக்குத்தான் இப்படி ஆகும்னு சொல்லுவாங்க."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தம்பி வரவில்லையே என்ற தவிப்பு, அவ்வளவுதான். ஆனால் கவிதா செம்பைக் கீழே வைத்தாள்.

"பசியோட போனவரு அத்தை. வேற என்ன குறை வேணும்?"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பாத்திரம் கழுவுகிற இடத்தில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. கழுவ அங்கே ஒரு பாத்திரமும் கிடையாது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. அண்ணி மேலா, காக்கை மேலா, பிள்ளையை இப்படிப் பட்டினி போட்டுவிட்டுப் போன அவர் மேலா? மதிலையே முறைத்துக்கொண்டு நின்றேன். இலை அப்படியே இருந்தது. சோற்றில் ஒரு பருக்கை அசையவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனுஷன் என்றைக்கு எங்களுக்கு முன்னால் கை நனைத்திருக்கிறார்?

"வாங்க, சாப்பிடலாம்" என்றேன்.

அண்ணி என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "என்னடி சொல்ற? காக்கா இன்னும் எடுக்கலையே! அதுக்குள்ள நாம எச்சில் பண்றதா? ஊரு உலகத்துல உண்டா இது?"

"ஊரு உலகத்துல உங்க தம்பி மாதிரியும் இல்ல அண்ணி. நாம சாப்பிடாம அவரு என்னைக்குச் சாப்பிட்டிருக்காரு? நீங்களே சொல்லுங்க."

அண்ணி வாயைத் திறந்தார். யோசித்தார். மூடிக்கொண்டார். அவரைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். கடைசியில், "சின்னப் பிள்ளையிலயே அப்படித்தான்" என்று மட்டும் முணுமுணுத்தார். "எல்லாரும் சட்டியைச் சுத்தி உட்காருவோம். அவன் வாசல்ல நின்னுக்கிட்டு, அம்மா வந்தாச்சான்னு கேட்டுக்கிட்டே இருப்பான்."

உள்ளே போய் மேசையில் தட்டுகளை வைத்தேன். தினேஷ் சொல்லாமலே உட்கார்ந்தான். கவிதா குழாயடியிலேயே நின்றாள்.

"கவிதா, உட்காரு."

"நீங்க சாப்பிடுங்கமா. நான் அப்புறம்..."

"அப்புறம் கிடையாது." என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "நீ உட்கார்ற வரைக்கும் அங்க ஒருத்தரு காத்துக்கிட்டு இருக்காரு. அன்னைக்கு நீ லேட்டா வந்ததாலயா அவரு பட்டினி கிடந்தாரு? உன்கூட உட்காந்து சாப்பிடணும்னு ஆசைப்பட்டாருடி. அவருக்கு என்ன பிடிக்கும்னு கேட்டியே. அதுதான் பிடிக்கும்."

அவள் குழாயை மூடினாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சோறு வைத்தேன். தினேஷ் பிரட்டல் கிண்ணத்தை அக்காவின் பக்கம் தள்ளிவைத்தான். அவள் சோற்றைப் பிசைந்தாள், பிசைந்துகொண்டே இருந்தாள். முதல் வாய் உள்ளே போனபோது கண்ணீர் கொட்டியது. நிறுத்தவில்லை. அழுதுகொண்டே சாப்பிட்டாள். யாரும் அவளைத் தேற்றப் போகவில்லை. நானும் சம்பாலைப் போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தேன். அண்ணி கடைசியாக உட்கார்ந்து புளிக்குழம்பை ஊற்றிக்கொண்டார்.

தட்டுகள் காலியாகும் நேரம். நான் பின்வாசல் பக்கம் திரும்பி, வாசலில் சங்கிலிக்கு எண்ணெய் விடுகிறவருக்குக் கேட்கும்படி எப்போதும் சொல்வேனே, அதே குரலில் சொன்னேன்.

"எல்லாரும் ஆச்சுங்க! நீங்க வாங்க."

தினேஷ் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தகரக் கூரையில் நகம் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு மதில் பக்கம் சிறகடிக்கிற சத்தம். பின்வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்த அண்ணியின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது.

"வந்துட்டான்" என்றார். அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ, காற்றுதான் வந்தது.

கவிதா எழப் போனாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"போகாத. ஆற அமர சாப்பிடட்டும்."

யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அதனால் அவர் முதலில் எதை எடுத்தார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தினேஷ் மீ கோரேங் என்கிறான், அண்ணி புளிக்குழம்பு என்று சத்தியம் செய்கிறார்.

கவிதா திரும்ப உட்கார்ந்தாள். புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காலித் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு வைங்கமா. அப்பா முடிக்கிற வரைக்கும் நானும் சாப்பிடுறேன்."